பல்லால் கேட்கிறவர்

வாயில் மிச்சம் இருந்த நான்கு மேல்வரிசைப் பற்களையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது இருளப்பசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கிற ஆள் அவர். டாக்டரம்மா வாயை மூடி மாஸ்க் போட்டிருந்தார். பக்கத்தில் நின்ற மனைவி காளீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்.

காளீஸ்வரி நான்கு விரலைக் காட்டி, பிடுங்கி எறிவது போலக் கையை இழுத்தாள்.

“எதுக்கு?” என்றார். காது கேட்காதவரின் குரல் அது. வராந்தாவில் சீட்டோடு நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

“உள்ள சீழ் கட்டியிருக்கு. சுகரு வேற. நாலும் ஆடுது,” என்று டாக்டரம்மா காளீஸ்வரியிடம் சொன்னார். “மாத்திரை எழுதியிருக்கேன். புதன்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க, எடுத்துரலாம். பெறகு செட்டுப் பல்லு கட்டிக்கிட்டாப் போச்சு. சோறு திங்கத்தானம்மா பல்லு?”

சோறு தின்ன மட்டும் இல்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது? என் புருஷன் பல்லால்தான் என்ஜினைக் கேட்கிறார், பல் போனால் தொழில் போச்சு என்று சொன்னால், டாக்டரம்மா அவளையும் சேர்த்து வேறு ஏதாவது டாக்டருக்கு எழுதி அனுப்பிவிடுவார். காளீஸ்வரி சீட்டை வாங்கிக்கொண்டாள்.

பாளையம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் தன் பல்லைத் தொட்டுக் காட்டி, மாட்டிக்கொள்வது போலச் செய்து, காதில் கை வைத்தாள். செட்டுப் பல்லில் கேட்காதா என்று அர்த்தம்.

இருளப்பசாமி பஸ்ஸின் இரும்புக் கம்பியை விரல் நகத்தால் தட்டினார். பிறகு அவள் மடியில் இருந்த துணிப்பையைத் தட்டினார்.

“அது ப்ளாஸ்டிக்கு புள்ள. செத்தது. எலும்போட வேர் விட்டிருந்தாத்தான் சத்தம் எறங்கும்.”

முன்சீட்டில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

*

பாளையம்பட்டியின் கடைசித் தெருவில், வீட்டை ஒட்டிய காலியிடத்தில், சிமெண்டு ஷீட்டு போட்ட ஒரு கொட்டகை. குறுக்கே ஓர் இரும்பு உத்திரம், அதில் என்ஜினைத் தூக்குகிற சங்கிலிக் கப்பி. போர்டு கிடையாது. பதினைந்து வருஷமாக இருளப்பசாமி இங்கே பழைய டீசல் பிக்கப்புகளை மட்டும் சரிபண்ணுகிறார். புது வண்டியை உள்ளே விடுவதில்லை. “அதுல கம்ப்யூட்டரு பேசும். அதோட எனக்கு என்ன பேச்சு?” என்பார்.

அவர் வேலை செய்கிற விதம் இது. என்ஜினை ஓடவிடுவார். கையில் ஒன்றரை முழக் குச்சி ஒன்று. விசைத்தறியில், நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற நாடாவை அடித்து ஓட்டுகிற குச்சி அது. வைரம் பாய்ந்த மரம், எண்ணெய் குடித்துக் கறுத்தது. ஒரு முனையை என்ஜின் மேல் ஊன்றுவார். மறுமுனையை முன்பல்லால் கடிப்பார். நாக்கு படக்கூடாது, உதடு படக்கூடாது. கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நிமிஷம். பிறகு குச்சியை நாலு விரல் தள்ளி வைப்பார். இன்னொரு நிமிஷம். கண்ணைத் திறந்தால் தீர்ப்பு.

“ரெண்டாவது சிலிண்டர்ல நாசில் சரியாப் பீச்சல.”

“வாட்டர் பம்புல பேரிங்கு போகப் போகுது. பொங்கல் வரைக்கும் தாங்கும்.”

பொங்கல் வரைக்கும் தாங்கும் என்றால் தாங்கும். மாட்டுப் பொங்கலன்று போகும். அப்படிப் போன வண்டிகள் உண்டு. திட்டிக்கொண்டு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்கள் உண்டு.

காளீஸ்வரி இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடிய அந்த நிமிஷத்தில் அவளுக்கு முழங்கையில் மயிர் சிலிர்க்கும். சாமி வந்து நிற்கிற ஆள் முன்னால் நிற்பது போல இருக்கும். ஆனால் சாமியாடி உலுக்குவான், கத்துவான். இவர் அசையமாட்டார். உலகமே அந்தக் குச்சி வழியாக அவருக்குள் இறங்குவதைப் போல நிற்பார்.

அவர் காது போன கதையை நாசூக்காகச் சொல்ல வழி இல்லை. தறி தின்றது. அருப்புக்கோட்டையில் ஒரே கூரைக்கடியில் இருபத்துநாலு விசைத்தறி. அதில் இருபத்திரண்டு வருஷம் ரிப்பேர் மேஸ்திரி. காதில் பஞ்சு வைத்தால் தறியின் சத்தம் மாறுவது தெரியாது என்று முதலாளி பஞ்சு வைக்க விடவில்லை. சங்கம் கூலிக்குப் போராடியது, போனசுக்குப் போராடியது. காதுக்காக ஒரு நோட்டீஸ்கூட அடிக்கவில்லை. அது சங்கத்தின் குற்றம். எழுதிவைக்க வேண்டியதுதான்.

காளீஸ்வரியும் அதே கொட்டடியில் தறி ஓட்டியவள். அவளுக்குப் பாதிக் காது மிச்சம். அங்கே வாயால் பேசிப் பயன் இல்லை, கையால்தான் பேசுவார்கள். நூல் அறுந்தால் இரண்டு விரலால் கத்தரி. டீ வந்தால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோவது. முதலாளி வந்தால் மீசை முறுக்குவது. முதலாளிக்கு மீசை கிடையாது என்பது வேறு விஷயம். அந்தப் பாஷையில்தான் இருவரும் சிரித்துக்கொண்டார்கள், அந்தப் பாஷையில்தான் கல்யாணம் பேசி முடித்தார்கள். தறிக்கொட்டடியை மூடி இயந்திரங்களை எடைக்குப் போட்ட பிறகும் வீட்டில் அந்தப் பாஷை தங்கிவிட்டது.

காதை எடுத்துக்கொண்ட தறி அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு வித்தையைக் கொடுத்தது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எதுவும் கொடுக்கவில்லை. தறியின் மரச்சட்டத்தில் தாடையை வைத்து வைத்து, எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று அவராகக் கண்டுபிடித்துக்கொண்டது அது.

அவர் எப்பேர்ப்பட்ட வேலைக்காரர் என்பதற்கு மல்லாங்கிணறு வண்டி ஒன்று போதும். அங்கே ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கிடந்த பிக்கப். சீமைக்கருவேல் அடியில் முளைத்து, என்ஜினுக்குப் பக்கவாட்டில் ஏறி, பானெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. வண்டியைத் தூக்கிப்போடத்தான் இவரைக் கூப்பிட்டார்கள். மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துவந்தார். என்ஜின் இறுகிப்போயிருந்தது. ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலையும் ஆயிலையும் ஊற்றி ஊறவைத்து, நீளக் கம்பியைப் போட்டு ஒரு நாளைக்கு ஒரு தடவை நெம்புவார். அசையாவிட்டால் மறுநாள். பத்தொன்பதாம் நாள் காளீஸ்வரியும் சேர்ந்து கம்பியில் தொங்கியபோது ஒரு விரற்கடை நகர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு மூச்சு வந்தது. அவளுக்கு அது நன்றாகக் கேட்டது. இருளப்பசாமி அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். தகரம் மாற்றி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து வெளியே போன அந்த வண்டி இன்றைக்கும் விருதுநகருக்கு மல்லி மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறது.

*

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை மத்தியானம் கொட்டகை முன்னால் ஒரு வண்டி நின்றது. திருச்சுழிப் பக்கத்து நாகராஜின் பிக்கப். மானாவாரி மிளகாயும் கொஞ்சம் ஆடும் வைத்திருக்கிற சம்சாரி நாகராஜ். வீரசோழன் வாரச் சந்தைக்குப் போகிற ஆடுகளை ஊர் ஊராக ஏற்றிப் போவது அவன் வண்டிதான். இருபத்தைந்து வருஷ வண்டி. வாசம் தெரு முனைக்கே வந்தது.

வண்டிக்குப் பக்கத்தில் பைக்கில் சாய்ந்தபடி இன்னொருவன். பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்கிற வியாபாரிகளுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் சங்கரலிங்கம். பிணம் விழுகிற வீட்டைப் பருந்து அறிவது மாதிரி வண்டி சாகிற வீட்டை அவன் அறிவான்.

“மதினி,” என்று நாகராஜ் காளீஸ்வரியிடம் ஓடிவந்தான். “டவுனுக்குள்ள ரெண்டு ஒர்க்‌ஷாப்புல காட்டிட்டேன். உள்ள கிராங்கே போச்சு, என்ஜினை எறக்கணும், அதுக்கு வண்டிய எடைக்கிப் போடலாம்ங்கிறாக. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும். அண்ணனும் போச்சுன்னா, இந்தா நிக்கிறான்ல, இவன்கிட்ட சாவியக் குடுத்துட்டுப் போயிர்றேன்.”

“புதன்கிழமை சாயங்காலம் கட்டி இழுக்க வண்டியோட வாரேன்,” என்றான் சங்கரலிங்கம். “வாசத்துக்குத் தனியாக் கழிச்சுக்கிருவோம்.”

“ஏலே, ஒன் வாசத்துக்கு இது எம்புட்டோ தேவல,” என்றான் நாகராஜ்.

காளீஸ்வரிக்கு இருந்த கவலை வேறு. அன்றைக்கு அவர் குச்சியைத் தொடக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். வீங்கின ஈறு, சீழ். அவள் அதைச் சொல்ல வாயெடுக்கும்முன் அவர் பானெட்டைத் திறந்துவிட்டார்.

நாகராஜ் வண்டியைக் கிளப்பினான். ணக், ணக், ணக் என்று ஓர் அடி. காளீஸ்வரியின் பாதிக் காதுக்கே அது கொல்லன் பட்டறையாக இருந்தது. இருளப்பசாமி குச்சியை ஊன்றினார், கடித்தார்.

கடித்த மறுநொடி குச்சி கீழே விழுந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்.

“போதும்! வேணாம்!” காளீஸ்வரி அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் முகத்துக்கு நேரே வந்து உதட்டை அகல விரித்துச் சொன்னாள். “யாருக்காக இந்தப் பாடு? பல்லே கையில வந்துரும். அவுக வேற ஆளப் பாக்கட்டும்.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் விரல் மட்டும் என்ஜினின் முன்பக்கத்தைக் காட்டியது.

“முன்னால,” என்றார். “அடியில இல்ல. முன்னால. வேற தெரியல. நாளைக்கிப் பாப்போம்.”

“நாளைக்கா? புதங்கிழமை பல்லப் புடுங்கப் போறாக!”

“அதான் நாளைக்கிங்கிறேன்.”

அவளுக்கு விளங்கிவிட்டது. வலி அவரை உலுக்கவில்லை. புதன்கிழமைக்கு அப்புறம் என்ன என்பதுதான் உலுக்கியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தவர் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

*

செவ்வாய்க்கிழமை காலையில் ஈறில் கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு வந்து நின்றார். காளீஸ்வரி தடுக்கவில்லை. தடுத்து ஆகாது. குச்சியின் முனையில் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிக் கொடுத்தாள். அவர் துணியைப் பிரித்துக் கையில் திருப்பிக் கொடுத்தார்.

என்ஜின் ஓடியது. கடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. காளீஸ்வரி மனசுக்குள் எண்ணினாள். ஐந்து. ஆறு. கடைவாயில் ரத்தம் கசிந்தது. பத்து. பதினொன்று. அவருடைய இடது கை தானாக எழுந்து வண்டியின் மட்கார்டில் தட்ட ஆரம்பித்தது. ஓர் அடி, சின்ன இடைவெளி, அதை விடச் சின்னதாக இன்னோர் அடி. ஓர் அடி, இடைவெளி, சின்ன அடி.

குச்சியை எடுத்தார். இடது கையை முஷ்டியாக மூடி, அதன் மேல் வலது உள்ளங்கையைத் தொப்பி போலக் கவிழ்த்து, லேசாக அசைத்தார்.

அந்தச் சைகையைக் காளீஸ்வரி பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தறியின் பெரிய சக்கரம் அச்சில் தளர்ந்து ஆடினால் காட்டுகிற சைகை. சக்கரத்தையும் அச்சையும் சேர்த்துப் பூட்டுகிற சின்ன இரும்புத் துண்டு ஒன்று உண்டு, சாவி என்பார்கள். அது தேய்ந்தால் சக்கரம் ஒரு மயிரளவு முன்னும் பின்னும் அடிக்கும். அவள் ஓட்டிய பதினாலாம் நம்பர் தறிக்கு அந்த நோய் இருந்தது. அதே தாளம்தான். இப்போது அவர் மட்கார்டில் தட்டியபோது அவள் கைகூட அந்தத் தறியை நிறுத்துகிற கைப்பிடியைத் தேடியது.

மூடி மறைத்த இரும்புக்குள், நான்கு சிலிண்டர் வெடிக்கிற இரைச்சலுக்கு நடுவே, மயிரளவு ஆட்டம் ஒன்று. அதைக் காது இல்லாத மனுஷன், சீழ் பிடித்த பல்லால் பிடித்துவிட்டார். இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காது உள்ள எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

“நாகராசு,” என்று அவள் திரும்பினாள். “முன்னால கிராங்குல ஒரு புல்லி இருக்குல்ல, பெல்ட்டு ஓடுறது? அதுல யாரு கைவச்சா?”

“யாரும் வைக்கல மதினி.”

“நெசமா?”

“எங்க குலசாமி இருளப்பசாமி சத்தியமா!”

இருளப்பசாமி அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம்பேரச் சொல்லி என்னத்தடா சத்தியம் பண்ணுத?” என்றார்.

சங்கரலிங்கம் வாய்விட்டுச் சிரித்தான். வேலை ஒன்றும் இல்லாமலே வந்து நின்றிருந்தான்.

ரேடியேட்டரைக் கழற்றினார்கள். பெல்ட்டை உருவினார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் புல்லி நல்ல கறுப்பாக, பெயிண்ட் அடித்திருந்தது. இருபத்தைந்து வருஷ வண்டியில் எல்லாம் துரு, இது ஒன்றுக்கு மட்டும் பெயிண்ட். காளீஸ்வரி ஆக்சா பிளேடால் சுரண்டினாள். அடியில் வெல்டு வைத்த தழும்பு, வட்டமாக ஓடியது.

நாகராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“நாலு வருசத்துக்கு முந்தி மதினி. மொளகா பூவெடுத்து நிக்கிது. கிணத்துல மோட்டாரு எரிஞ்சு போச்சு. கட்டி வாங்க ஒரு வாரங்கிறான். ஒரு வாரத்துல எல்லாம் சருகாயிரும். கிணத்துல தண்ணி இருக்கு, எடுக்க வழியில்ல. வண்டியக் கொண்டுபோயி கெணத்தோரம் நிறுத்தி, இந்தப் புல்லியில இன்னொரு புல்லிய வச்சு வெல்டடிச்சு, பெல்ட்டு மாட்டி பம்ப ஓட்டுனேன். ஒம்பது நாளு ராப்பகலா ஓடுச்சு. மோட்டாரு வந்தப்பெறகு அறுத்துப் போட்டேன்.”

“அப்பெறம் பெயிண்ட்டு எதுக்குடா அடிச்ச?”

“அண்ணன் பாத்தா வைவாகன்னுதான்.”

காளீஸ்வரி இதைக் கையால் அவருக்குச் சொன்னாள். கிணறு, பூ, எரிந்த மோட்டார், பெல்ட். இருளப்பசாமி டார்ச்சை வாங்கி வெல்டுத் தழும்பைச் சுற்றிப் பார்த்தார். வைவார் என்றுதான் நாகராஜ் குனிந்திருந்தான்.

“மொளகா வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சுண்ணே. அந்த வருசந்தான் கடைசியா நல்லா வந்துச்சு.”

“அப்பச் சரி.”

இந்த நாட்டில் பூவெடுத்த செடியை விட்டுவிட்டு வண்டியைக் காப்பாற்றுகிற சம்சாரி எவன் இருக்கிறான்? அவருக்கும் நாற்பது செண்டு மானாவாரிக் காடு இருந்தது ஒரு காலத்தில். புல்லியைக் கழற்றியதும் சாவி தானாகக் கையில் விழுந்தது. சதுரமாக இருக்க வேண்டிய துண்டு, ஒரு பக்கம் தேய்ந்து பிறை மாதிரி இருந்தது. அவர் அதைச் சங்கரலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதுதான் கிராங்கு போன லச்சணம். இத வேணா எடைக்கிப் போட்டுக்க.”

புதுச் சாவி செய்து வாங்க நாகராஜ் டவுனில் லேத்துக்குப் போனான். கொட்டகையின் மூலையில் கழற்றிப்போட்ட என்ஜின் ஒன்றிலிருந்து நல்ல புல்லி கிடைத்தது. சாயங்காலத்துக்குள் இருளப்பசாமியின் கன்னம் வீங்கிக் கண் இடுங்கிவிட்டது.

*

புதன்கிழமை காலையில் நான்கு பற்களும் போயின. டாக்டரம்மா அவற்றை ஒரு எஃகுத் தட்டில் போட்டபோது ணங் என்றது. காளீஸ்வரி அதைக் கேட்டாள். அவர் கேட்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கொட்டகைக்கு வந்தார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டே சாவியை இறக்கினார், புல்லியை ஏற்றினார், போல்ட்டை முறுக்கினார். ரேடியேட்டர் ஏறியது. நாலு மணிக்கு சங்கரலிங்கம் சொன்னபடி கட்டி இழுக்கும் வண்டியோடு வந்து தெருவில் நின்றான். நாகராஜ் பிக்கப்பைக் கிளப்பினான்.

ணக் சத்தம் இல்லை. நாகராஜ் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“நிறுத்தாத!” என்றார் இருளப்பசாமி, பஞ்சுக்கு நடுவே.

கடித்துப் பார்க்காமல் ஒரு வண்டியும் அந்தக் கொட்டகையை விட்டுப் போனதில்லை. பதினைந்து வருஷப் பழக்கம். குச்சியை எடுத்தார், ஊன்றினார். வாய்க்குக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் இல்லை. தையல் போட்ட ஈறு. நெற்றியில் வைத்துப் பார்த்தார். கன்ன எலும்பில் வைத்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார்.

காளீஸ்வரி முகத்தாலேயே கேட்டாள்.

“தெரியுது. ஊருக்கு அந்தாண்ட கொட்டு அடிக்கிற மாதிரி,” என்றார். “ஒண்ணும் பிரியல.”

குச்சியை மட்கார்டில் வைத்துவிட்டு, கழற்றிப்போட்ட டயர் மேல் போய் உட்கார்ந்தார். தறிக்கொட்டடியை மூடிய நாளில்கூட அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

“வண்டி நல்லாத்தானே அண்ணே ஓடுது,” என்றான் நாகராஜ். அவர் அவன் பக்கம் பார்க்கவில்லை, அதனால் அவருக்குத் தெரியாது.

“அவ்வளவுதான் மேஸ்திரி சோலி,” என்று சங்கரலிங்கம் தன் டிரைவரிடம் மெல்லச் சொன்னது காளீஸ்வரியின் பாதிக் காதில் விழுந்தது. அவள் குச்சியை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். அவர் ஊன்றுகிற இடத்தில் ஊன்றினாள். நாக்கு படாமல், உதடு படாமல் கடித்தாள்.

முதலில் பயந்துபோனாள். வண்டி வெளியே இல்லை. மண்டைக்குள் நின்று ஓடியது. பல்லிலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து பொட்டுக்கு, பொட்டிலிருந்து பிடரிக்கு ஒரு ஊரே இறங்கி நடந்தது. கண்ணை மூடினாள். நான்கு வெடி, ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு ஆட்கள் உலக்கை மாற்றி மாற்றிக் குத்துவது போல. அதற்கு அடியில் பெரிய கல் ஒன்று உருளுகிற கனம். அதற்கும் பின்னால் எங்கேயோ தண்ணீர் ஓடியது. நிஜமாகவே ஓடியது, ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே, மண்ணுக்கு அடியில் ஊற்று ஓடுகிற மாதிரி. முப்பது வருஷமாக ஒரு பக்கம் அடைந்துகிடந்த உலகம் இவ்வளவு பெரிதாக இருந்ததா? அவளுக்கு அழுகை வந்தது. குச்சியை விடவில்லை.

பிறகு அது தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஓரத்தில், பல்லி கத்துவது போல ஒரு சின்ன டிக். அது என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தாளம் தெரியும்.

இடது கையை நீட்டி அவரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து வந்தார். அவர் முதுகில் உள்ளங்கையால் நான்கு வெடியையும் தட்டினாள். பிறகு ஆட்காட்டி விரல் நகத்தால், அவை ஒவ்வொன்றுக்கும் நடுவில் இல்லாமல், தன் போக்கில் வருகிற அந்த டிக்கைச் சுண்டினாள்.

அவர் அசையாமல் நின்றார். கண் மூடியிருந்தது. அவள் ஆயிரம் தடவை பார்த்த அதே முகம். கையை உயர்த்தி, குச்சியை நகர்த்து என்றார். நகர்த்தினாள். டிக் குறைந்தது. நகத்தை மெதுவாகச் சுண்டினாள். இந்தப் பக்கம் என்றார். கூடியது. இன்னும். இன்னும். குச்சி டைனமோவைப் பிடித்திருக்கிற இரும்புப் பட்டைக்கு வந்தபோது அவளுக்குப் பல் கூசியது. அவர் முதுகில் நகம் பதியச் சுண்டினாள்.

“நிறுத்து,” என்றார் நாகராஜிடம்.

பட்டையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தால், போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒன்பது நாள் பம்பை இழுத்த பெல்ட்டின் வேலை. நடுவழியில் அது விட்டிருந்தால் டைனமோ சாய்ந்து, விசிறி ரேடியேட்டரைக் கிழித்திருக்கும். இருளப்பசாமி வெடிப்பைக் கட்டைவிரலால் தடவினார். காளீஸ்வரியைப் பார்த்தார். அப்படி அவர் அவளை எப்போது கடைசியாகப் பார்த்தார் என்று அவளுக்கு நினைவில்லை.

“அடியாத்தி,” என்றான் நாகராஜ். “மதினி, நீங்களுமா?”

சங்கரலிங்கம் கிட்ட வந்து வெடிப்பைப் பார்த்தான், காளீஸ்வரியைப் பார்த்தான், குச்சியைப் பார்த்தான். பிறகு டிரைவரைப் பார்த்து, “வண்டியத் திருப்புலே,” என்றான். “இந்த வீட்டுல இனி நமக்கு எழவு விழாது.”

வேறு பட்டை தேடி மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. மறுபடி கிளப்பினார்கள். காளீஸ்வரி கடித்தாள். இருளப்பசாமி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் நான்கு வெடியைத் தட்டினாள். வேறு எதுவும் தட்டவில்லை. அவர் தலையை ஆட்டினார். திரும்பி, கையால் கேட்டார்: எப்படி இருக்கு உள்ளே?

தறிக்கொட்டடிப் பாஷையில் அதற்குச் சைகை கிடையாது. நூலுக்கு இருக்கிறது, டீக்கு இருக்கிறது, முதலாளிக்கு இருக்கிறது. குச்சியைக் கடித்தபடியே அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இவ்வளவு காலமும் இதற்குள்ளேயா நின்றுகொண்டிருந்தீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. அவர் பஞ்சு அடைத்த வாயோடு சிரித்தார்.

“மதினி, எடுக்கலாமா? இருட்டுறதுக்குள்ள ஊர் போயிருவேன்,” என்றான் நாகராஜ் டிரைவர் சீட்டிலிருந்து.

காளீஸ்வரி மறுபடி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். பொறு.